பூவா தலையா, காயா பழமா

தை மாதத்தில் களம் நிறைந்திருக்கும். கதிரடித்து முடித்த மறுநாள், காற்று எழும்பும் நேரம் பார்த்து என் பெரியப்பா முக்காலியின் மேல் ஏறி நின்று முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்ப்பார். நெல் நேராக அவர் காலடியில் விழும். பதர் காற்றோடு போய் வேலியோரம் படியும். இரண்டுக்கும் நடுவே இன்னொன்று விழும். பார்ப்பதற்கு நெல்லைப் போலவே மஞ்சளாக இருக்கும். விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் உள்ளே ஏதோ இருப்பது தெரியும். நகத்தால் பிளந்தால் அரை அரிசிகூடத் தேறாது. பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீரோ வெயிலோ சரியில்லாமல் பாதியில் நின்றுபோன மணி அது.

எட்டு வயதில் அதில் ஒரு கை அள்ளிக்கொண்டு போய், "இது நெல்லா பதரா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லப்பா. கருக்கா" என்றார். முறத்தைத் தாழ்த்தாமலே சொன்னார்.

என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, கேள்வியைத் திருத்தினார் என்று புரிய எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. கல்லூரியில் நிகழ்தகவு படித்தபோதும் புரியவில்லை. அங்கே எல்லாமே பூவா தலையா என்றுதான் தொடங்கியது. நாணயம், பகடை, சீட்டுக்கட்டு, பைக்குள் சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும். பாதிச் சிவப்பான பந்து எந்தப் பையிலும் இருந்ததில்லை. ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரவ் 1933இல் நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகளை எழுதினார். இன்று உலகமெங்கும் கற்பிக்கப்படுவது அதுதான். அதில் நிகழ்ச்சி என்பது ஒரு கணம். நடந்த விளைவு ஒன்று அந்தக் கணத்துக்குள் இருக்கும், அல்லது வெளியே இருக்கும். வேலியின் மேல் உட்கார்ந்திருக்க இடமில்லை.

ஆனால் நாம் அன்றாடம் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் அப்படியா இருக்கின்றன? நாளை மழை பெய்யுமா என்கிறோம். எவ்வளவு பெய்தால் மழை? இந்திய வானிலைத் துறைக்கு 2.5 மில்லிமீட்டர் பதிவானால்தான் அது மழை நாள். 2.4 பதிவானால் அன்று மழை நாள் இல்லை, குடை நனைந்திருந்தாலும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. மழை மிகுந்த பருவங்களில் அரசு அதைத் தளர்த்துவதும் உண்டு. ஈரம் படிப்படியாகக் காய்கிறது, விதி ஒரே வெட்டாக வெட்டுகிறது. கோடு கிழிப்பதில் தப்பில்லை, கிழிக்காமல் எந்த அலுவலகமும் நடக்காது. கிழித்த கோடு நெல்லுக்குள்ளேயே இருந்தது என்று நம்பத் தொடங்குவதுதான் தப்பு.

நம் மொழி இந்த இடத்தில் கவனமாக இருக்கிறது. தமிழில் முடிவு தெரியாத ஒன்றைப் பற்றிக் கேட்க இரண்டு வழக்குகள் உண்டு. பூவா தலையா என்போம். போன காரியம் என்ன ஆயிற்று என்று விசாரிக்கும்போது காயா பழமா என்போம். இரண்டும் ஒரே மாதிரிக் கேள்விதான் என்று தோன்றும். ஆனால் பூவுக்கும் தலைக்கும் நடுவே எதுவும் இல்லை. காய்க்கும் பழத்துக்கும் நடுவே செங்காய் இருக்கிறது. முதல் கேள்வி நமக்குத் தெரியாததைப் பற்றியது. இரண்டாவது கேள்விக்குள் பொருளே எந்த அளவுக்கு அதுவாக ஆகியிருக்கிறது என்ற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால் இருபதாம் நூற்றாண்டின் பெரிய அறிஞர்களும் தடுமாறியிருக்கிறார்கள். குழப்பத்தைப் பிரித்தெடுத்த கதையை ஒரு போலந்துக்காரரிடமிருந்து தொடங்க வேண்டும்.

தருக்கவியலாளர் யான் வூகாசியேவிச் 1878இல் ல்வூவ் நகரத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் இருந்தது, பிறகு போலந்தில், இன்று லிவிவ் என்ற பெயரில் உக்ரைனில் இருக்கிறது. 1913இல் நிகழ்தகவின் தருக்க அடித்தளம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பகடையில் விழும் எண் நான்கைவிடப் பெரியது என்று ஒரு வாக்கியம். எந்த எண் என்று சொல்லாதவரை அது மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல. ஆறு எண்களில் ஐந்தும் ஆறும் அதை மெய்யாக்குகின்றன. ஆகவே அந்த வாக்கியத்தின் உண்மைமதிப்பு ஆறில் இரண்டு என்றார். உண்மைக்குப் பின்னம் கொடுக்கலாம் என்ற துணிவு அவரிடம் அப்போதே இருந்தது, ஆனால் அந்தப் பின்னமும் நிகழ்தகவும் அங்கே ஒன்றாகவே பிறந்தன. அந்த இரட்டையரைப் பிரிக்கப் பிறகு எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அவரை உண்மையில் உறுத்தியது பகடை அல்ல, விதி. நாளை கடற்போர் நடக்கும் என்று இன்று ஒருவன் சொன்னால் அது இன்றே மெய்யா என்று அரிஸ்டாட்டில் கேட்டிருந்தார். இன்றே மெய் என்றால் நாளை அது நடந்தே தீரும். பிறகு மனிதன் யோசிப்பதும் முயல்வதும் எதற்கு? வூகாசியேவிச் இதை மனித சுதந்திரத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஒரு குறிப்பிட்ட நாள் நண்பகலில் தான் வார்சாவில் இருப்போமா என்பது இன்று மெய்யும் ஆகக்கூடாது, பொய்யும் ஆகக்கூடாது என்று வாதிட்டார். 1920இல் மூன்றாவது மதிப்பு ஒன்றை முறைப்படி நுழைத்தார். அது அரை. பிறகு சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே உள்ள எல்லா எண்களையும் உண்மைமதிப்புகளாக ஏற்கும் தருக்கம் ஒன்றை உருவாக்கி, 1930இல் தருக்கவியலாளர் தார்ஸ்கியுடன் சேர்ந்து வெளியிட்டார்.

அவருடைய வாழ்க்கை அந்த உதாரண வாக்கியத்தை என்ன செய்தது என்பதை நினைக்காமல் என்னால் மேலே போக முடிவதில்லை. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சில் அவர் வீடு அழிந்தது, நூல்களும் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. 1944இல் மனைவியோடு போலந்தை விட்டு வெளியேறினார். 1956இல் டப்ளினில் இறந்தார். வார்சாவுக்கு அவர் திரும்பியது 2022இல், புதைத்த இடத்திலிருந்து எடுத்துவரப்பட்ட எச்சங்களாக.

இப்போது குழப்பத்துக்கு வருவோம். உண்மைமதிப்பும் சுழியத்திலிருந்து ஒன்று வரை, நிகழ்தகவும் சுழியத்திலிருந்து ஒன்று வரை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் என்ன? பலர் சொல்லிப் பார்த்தார்கள். ஏன் முடியாது என்பதைக் காட்ட ஒரு நாணயம் போதும்.

நாணயத்தைச் சுண்டி உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். பூ என்பதற்கு அரை, தலை என்பதற்கும் அரை. பூவும் தலையும் சேர்ந்து விழுந்திருக்க வாய்ப்பு? சுழியம். பூவும் பூவும் சேர்ந்து விழுந்திருக்க? அது வெறும் பூதான், அரை. இரண்டு இடத்திலும் உள்ளே போனவை அரை, அரை. வெளியே வந்தவை ஓரிடத்தில் சுழியம், இன்னோரிடத்தில் அரை. ஆகவே இரண்டு நிகழ்தகவுகளைக் கொடுத்தால் அவற்றின் சேர்க்கையைச் சொல்லும் வாய்ப்பாடு எதுவும் இருக்க முடியாது. வூகாசியேவிச்சின் தருக்கமோ வாய்ப்பாட்டால்தான் ஓடுகிறது: உறுப்புகளின் உண்மைமதிப்பு தெரிந்தால் முழு வாக்கியத்தின் உண்மைமதிப்பு தெரிந்துவிடும். கருக்காய் பாதி முற்றியது, பாதி முற்றாதது, முற்றியதும் முற்றாததுமாக இருப்பது என்பதும் அதற்குப் பாதி மெய்தான். நாணயத்தில் சுழியமான வாக்கியம் கருக்காயில் பாதி மெய்யாக நிற்கிறது. கைக்குள் மூடிய நாணயம் பாதி பூவாக இல்லை. அது இப்போதே முழுப் பூ, அல்லது முழுத் தலை. பாதி என்பது என் அறியாமையின் அளவு. கையைத் திறந்தால் அந்தப் பாதி மறைந்துவிடும். கருக்காயை எத்தனை முறை பிளந்து பார்த்தாலும் அதன் பாதி அப்படியே இருக்கும்.

சரி, இரண்டும் வேறு என்றால் இரண்டையும் சேர்த்துக் கையாள்வது எப்படி? ஒரு மூட்டைக்குள் கையை விடுகிறேன், எந்த மணி கையில் வரும் என்று தெரியாது. வரும் மணி எவ்வளவு முற்றியிருக்கும் என்பதும் ஆம், இல்லை என்று முடியாது. பல்மதிப்பு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவு என்று ஒரு தனித் துறையே இந்த இடத்தில்தான் முளைத்தது.

முதலில் நேரடியாகக் கையாண்டவர் லோத்ஃபி ஸாதே. பாகூவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். 1965இல் விளிம்பு மங்கிய கணங்களை அறிமுகப்படுத்தினார். 1968இல் அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு நிகழ்தகவு சொன்னார்: ஒவ்வொரு மணியும் எவ்வளவு முற்றியது என்ற மதிப்பை எடுத்து, அது கையில் வரும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் வரும் சராசரி. கேட்பதற்கு எளிது. ஆனால் இதை மூட்டையோடு வைத்துப் பார்த்தால்தான் இதில் என்ன கிடைக்கிறது, என்ன தொலைகிறது என்று தெரியும்.

இரண்டு மூட்டைகள் இருக்கட்டும். ஒன்றில் பாதி முற்றிய நெல், பாதி வெறும் பதர், நன்றாகக் கலந்தது. இன்னொன்றில் முழுக்கக் கருக்காய், எல்லா மணியும் சரியாக அரை. மணிகளின் எண்ணிக்கை ஒன்றே என்றால் தராசில் இரண்டும் ஒரே எடை. ஸாதேயின் கணக்கில் இரண்டிலும் முற்றிய மணி என்பதன் நிகழ்தகவு அரை. ஆனால் மண்டிக்காரர் குத்தூசியால் மூட்டையைக் குத்தி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்லிவிடுவார். முதல் மூட்டையை மறுபடி தூற்றினால் அரை மூட்டை நல்ல நெல் கிடைக்கும், விதைக்கும் ஆகும், சமைக்கவும் ஆகும். இரண்டாவது மூட்டையை எத்தனை காற்றில் தூற்றினாலும் ஒன்றும் பிரியாது. அரவையில் நொய்யாகும், கோழிக்குப் போகும்.

தராசு காட்டாததைத் தருக்கம் காட்டுமா? வூகாசியேவிச்சின் தருக்கத்தில் 'உம்' இரண்டு வகை. ஒன்று மெலிந்த உம்: இரண்டு மதிப்புகளில் சிறியதை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று வலிந்த உம்: இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்கும், சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம் என்று வைத்துக்கொள்ளும். இந்த வலிந்த உம்மைப் போட்டு, முற்றியதும் முற்றியதும் என்று ஒன்றையே இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள். முழு நெல்லுக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஒன்று போக ஒன்று, மாற்றமில்லை. பதருக்குச் சுழியம்தான். கருக்காய்க்கு அரையும் அரையும் ஒன்று, ஒன்று போகச் சுழியம்! ஒரு தரம் சொன்னபோது பாதி மெய்யாக நின்றது, அழுத்திச் சொன்னதும் உதிர்ந்துவிட்டது. இந்த அழுத்திய வாக்கியத்தின் நிகழ்தகவு முதல் மூட்டைக்கு அரை, இரண்டாவதற்குச் சுழியம். முற்றியதும் முற்றாததும் என்று மெலிந்த உம்மால் சேர்த்தால் முதல் மூட்டைக்குச் சுழியம், இரண்டாவதற்கு அரை. குத்தூசி கண்டதை வாக்கியமும் கண்டுவிட்டது.

1958இல் சி. சி. சாங் இந்தத் தருக்கத்துக்கு உரிய இயற்கணிதத்தை அமைத்தார். அந்த இயற்கணிதத்தின் மேல் நிகழ்தகவு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1995இல் தெளிவாக வரையறுத்தவர் இத்தாலியரான தானியேலே முந்திச்சி. விதிகள் இரண்டுதான். எப்போதும் மெய்யாக இருப்பதற்கு ஒன்று. வலிந்த உம்மால் சேர்த்தால் எப்போதும் சுழியமாகும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு, கூட்டின் நிகழ்தகவு என்பது நிகழ்தகவுகளின் கூட்டு. கொல்மகோரவ் விதியின் சாயல்தான். ஆனால் கருக்காய்க்கு இடம் விட்டு எழுதியது. அதன்பின் செக் நாட்டின் தோமாஷ் க்ரோபாவும் இத்தாலியின் ஜோவான்னி பாந்தியும் தனித்தனியே ஒரு முடிவை நிறுவினார்கள். இந்த விதிகளுக்கு உட்பட்ட எந்த நிகழ்தகவும் உண்மைமதிப்புகளின் சராசரியே. அந்தச் சராசரியைத் தரும் வழக்கமான நிகழ்தகவு ஒன்று, ஒன்றே ஒன்று, பின்னால் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது. ஏனென்றால் அது பிரித்து வைக்கிறது: நடக்கக்கூடிய ஒவ்வொரு உலகத்துக்குள்ளும் நடப்பது காயா பழமா, எந்த உலகம் நமக்கு வாய்க்கும் என்பது பூவா தலையா. இரண்டு பாதிகளும் ஒரே எண்ணில் கலந்தாலும், எல்லா வாக்கியங்களின் எண்களும் கையில் இருந்தால் மறுபடி பிரித்துவிடலாம்.

ஒன்றையே இரண்டு தரம் சொன்னால் மதிப்பு மாறுமா, அது என்ன தருக்கம் என்று சிலர் கேட்பார்கள். பாம்பு என்று சொல்வதும் பாம்பு பாம்பு என்று சொல்வதும் ஒன்றல்ல என்று தெரிந்துதான் நம் இலக்கணக்காரர்கள் அடுக்குத்தொடர் என்று தனிப் பெயர் வைத்தார்கள். கணிதத்தில் இதற்கு ஓர் அழகான விளையாட்டு இருக்கிறது. அதைக் கேட்டவரும் ல்வூவ் நகரத்தில் பிறந்தவர்தான், ஸ்தனிஸ்லாவ் உலாம். ஒன்றிலிருந்து பத்து லட்சத்துக்குள் ஓர் எண்ணை நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளால் நான் கண்டுபிடிக்க வேண்டும். இருபது கேள்வி போதும். ஆனால் நீங்கள் ஒரே ஒரு முறை பொய் சொல்லலாம் என்றால்? 1976இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் உலாம் இதைக் கேட்டார். 1987இல் பெல்ட்ஸ் என்ற கணிதவியலாளர் விடையை நிறுவினார்: இருபத்தைந்து.

இதில் ஓர் எண்ணின் நிலையைக் கவனியுங்கள். உங்கள் பதில் ஒன்றோடு அது முரண்பட்டால் அதை அடித்துவிட முடியாது, அந்தப் பதில் பொய்யாக இருந்திருக்கலாம். பாதி உயிரோடு நிற்கும். இன்னொரு பதிலோடும் முரண்பட்டால் செத்தது, இரண்டும் பொய்யாக இருக்க முடியாதே. அரையும் அரையும் ஒன்று, ஒன்று போகச் சுழியம். வலிந்த உம் அப்படியே வந்து நிற்கிறது. ஒரு பொய்க்கு இடமுள்ள விளையாட்டு, 1920இன் மூன்று மதிப்புத் தருக்கம். பொய்யே கூடாது என்றால் பழைய இரண்டு மதிப்புத் தருக்கம். இந்த உறவைக் கண்டு சொன்னவரும் முந்திச்சிதான். பொய் கலக்கக்கூடிய உலகத்தில் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பது வீண் வேலை அல்ல. சாட்சியை மறுபடி மறுபடி விசாரிக்கும் வழக்கறிஞருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிகழ்தகவு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்குப் புரூனோ தெ ஃபினெத்தியிடம் போக வேண்டும். 1906இல் இன்ஸ்புருக்கில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1931 முதல் 1946 வரை திரியெஸ்தே நகரத்தில் பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் காப்பீட்டுக் கணிப்பாளராக வேலை பார்த்தார். வேலை அவருடைய தத்துவத்தில் தெரிகிறது. நிகழ்தகவு என்பது உலகத்தில் கிடக்கும் ஒரு பொருள் அல்ல, ஒருவர் சொல்லும் விலை என்றார். நடந்தால் ஒரு ரூபாய் தரும் சீட்டு. அதை எந்த விலைக்கு வாங்கவும் விற்கவும் நீ தயார்? அந்த விலைதான் உன் நிகழ்தகவு. ஒரே ஒரு நிபந்தனை: நீ சொல்லும் விலைகளை வைத்து, எது நடந்தாலும் நீ தோற்கும்படி யாரும் உன்னிடம் பந்தயம் கட்ட முடியக்கூடாது. இந்த நிபந்தனை ஒன்றிலிருந்தே நிகழ்தகவின் விதிகள் வந்துவிடுகின்றன. 2006இல் முந்திச்சி, சீட்டு முழு ரூபாயோ சுழியமோ தராமல், நடந்த அளவுக்குத் தக்க பங்கு ரூபாய் தந்தாலும் இதே தேற்றம் நிற்கும் என்று காட்டினார். விலைகள் பிசகாமல் இருக்க வேண்டுமானால் அவை அந்த இரண்டு விதிகளுக்கு உட்பட்டே ஆக வேண்டும்.

தெ ஃபினெத்தியும் 1930களில் மூன்றாவது மதிப்பு ஒன்றைப் பேசினார். அது வேறு. மழை இல்லாமல் ஆட்டம் நடந்தால் இந்த அணி வெல்லும் என்று பந்தயம். மழை வந்துவிட்டால் கட்டிய பணம் திரும்பிவிடும். வென்றதும் இல்லை, தோற்றதும் இல்லை, செல்லாது. இந்தச் 'செல்லாது' என்பதையும், நாளைக்கான 'இன்னும் இல்லை' என்பதையும், கருக்காயின் பாதியையும் ஒரே அரை என்ற எண்ணால் குறித்துவிடுகிறோம். எண் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே மாறும் ஓர் அளவின் சராசரி, அவ்வளவுதானே. அதற்கு எதற்குப் புதுத் தருக்கம்? கணக்கைப் பொறுத்தவரை மறுப்பு சரி. ஆனால் சராசரி ஓர் எண், தருக்கம் வாக்கியங்களின் குடும்பம். இரண்டு மூட்டைகளையும் பிரித்துக் காட்டியது எண் அல்ல, என்ன வாக்கியம் கேட்கலாம் என்ற அறிவு. அந்த அறிவு இல்லாதபோது யாருக்கு நஷ்டம் என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம்.

பயிர்க் காப்பீடு பல்மதிப்பு நிகழ்ச்சியின் மேல் கட்டிய சீட்டு. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பயிர் போனதா இல்லையா என்று மட்டும் கேட்பதில்லை. உத்தரவாத மகசூலிலிருந்து உண்மை மகசூல் எவ்வளவு குறைந்தது, அந்தக் குறைவு உத்தரவாத மகசூலில் எத்தனை பங்கு, அந்தப் பங்கைக் காப்பீட்டுத் தொகையால் பெருக்கு என்பது சூத்திரம். எக்டேருக்கு 2000 கிலோ உத்தரவாதம், விளைந்தது 1500 என்றால் இழப்பு கால் பங்கு. 30,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் 7500 ரூபாய். பதர் என்றோ நெல் என்றோ சொல்லாமல் கால் பங்கு என்று சொல்லும் இந்தச் சூத்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மகசூல் என் வயலின் மகசூல் அல்ல. சில தனிப் பேரிடர்களுக்கு வயல் வயலாகப் பார்க்க இடம் உண்டு. மற்றபடி முக்கியப் பயிர்களுக்கு அலகு பெரும்பாலும் கிராமம். கிராமத்தின் சராசரிதான் அதில் காப்பீடு செய்த எல்லோருக்கும் மகசூல்.

இப்போது இரண்டு மூட்டைகளை இரண்டு ஊர்களாக நினையுங்கள். ஓர் ஊரில் மேட்டு வயல்கள் எல்லாம் முழுக்க விளைந்து, பள்ளத்து வயல்கள் எல்லாம் அடியோடு போயின. இன்னோர் ஊரில் எல்லா வயலும் பாதி விளைந்தது. சராசரி ஒன்று. தொகையும் ஒன்று. முதல் ஊரில் மேட்டுக்காரர் முழு நெல்லையும் வைத்துக்கொண்டு பாதித் தொகையையும் வாங்குவார். பள்ளத்துக்காரர் எதுவும் இல்லாமல் அதே பாதித் தொகையை வாங்குவார். எனக்கு முழுக்கப் போச்சே, பாதிதானே வந்திருக்கு என்று அவர் சொல்வதை அலுவலகங்களில் அறியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்வது தருக்கப்படி சரியான வாக்கியம். சராசரியில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை, அவ்வளவே.

இந்தச் சராசரி கிடைக்கும் முறைக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். வங்காளத்து வயல்களில் ஆங்காங்கே சிறு துண்டுகளைத் தற்செயலாகத் தேர்ந்து அறுத்து, எடை போட்டு மாகாணத்தின் விளைச்சலைக் கணிக்கும் முறையை 1930களிலும் 40களிலும் வளர்த்தவர்களில் முதன்மையானவர் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ். அதே மகலனோபிஸ் 1954இல் புள்ளியியலின் அடித்தளம் பற்றி எழுதிய கட்டுரையில் சமணர்களின் சியாத்வாதத்தை எடுத்துப் பேசினார். ஒரு கோணத்தில் உண்டு, ஒரு கோணத்தில் இல்லை, ஒரு கோணத்தில் சொல்லொணாதது என்று விரியும் ஏழு கூற்றுகள். 1957இல் உயிரியலாளர் ஹால்டேனும் 'சங்க்யா' என்ற புள்ளியியல் இதழில் அதைப் பற்றி எழுதினார். சமணர்கள் பல்மதிப்புத் தருக்கத்தை அன்றே கண்டுவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுடையது கோணங்களின் கணக்கு, பின்னங்களின் கணக்கு அல்ல. ஆனால் வயலில் இறங்கி அறுத்து எண்ணிய ஒருவர், ஆம் இல்லை என்ற இரண்டு சொல் போதாது என்று உணர்ந்து தன் நாட்டின் பழைய வாதத்தில் துணை தேடினார் என்பது எனக்கு முக்கியம்.

இன்றும் அடிப்படையில் அதே முறைதான். பயிர் அறுவடை பரிசோதனை என்று பெயர். முக்கியப் பயிருக்குக் கிராமம் அலகு என்றால் குறைந்தது நான்கு இடங்களில், தற்செயலாகத் தேர்ந்த வயல்களில், நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் துண்டு அளந்து, கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். அந்த நான்கு எடைகளும் பதிவாகின்றன. ஊருக்கு வந்து சேர்வது அவற்றின் சராசரி.

அந்த நான்கு எண்களையும் தனித்தனியே ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுங்கள். புதுச் சட்டம் வேண்டாம், புதுச் செலவும் இல்லை, நான்கு எண்கள்தான். தன் ஊர் எந்த மூட்டை என்று பள்ளத்துக்காரர் படித்துத் தெரிந்துகொள்வார்.